மதுரையில் பிறந்த கணக்கு வாத்தியார்

மலர்க் குழு நண்பர் போன் செய்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, வழக்கம்போல ஹாஸ்டல் நினைவுகள் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மெஸ் சாம்பார், இரண்டாம் ஆட்டம் சினிமா, வார்டனுக்குப் பயந்து சுவர் ஏறிக் குதித்தது... இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதனால் நம்மில் பாதிப் பேருக்காவது பெயர் தெரிந்த, ஆனால் ஆள் யார் என்று தெரியாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

டி மார்கன். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர் எழுதிய யாரும் இந்தப் பெயரை மறந்திருக்க முடியாது. இரண்டு மார்க் கேள்வியில் எப்படியும் வந்துவிடுவார். இன்றைக்கு என் பிழைப்பே அவர் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. பேக்டரி மெஷின்களுக்கு பி.எல்.சி. ப்ரோகிராம் எழுதுவது என் வேலை. முன்கதவும் பின்கதவும் மூடியிருந்தால்தான் மெஷின் ஓட வேண்டும். அப்படியானால் எப்போது நிற்க வேண்டும்? இரண்டும் திறந்திருக்கும்போது என்று அவசரத்தில் எழுதிவிட்டால் யாராவது ஒருவர் கையை இழப்பார். ஏதாவது ஒரு கதவு திறந்தாலே போதும், நின்றாக வேண்டும். இதுவும் அதுவும் என்பதை மறுத்தால், இது இல்லை அல்லது அது இல்லை என்று ஆகும். அவ்வளவுதான் டி மார்கன் விதி.

ஆனால் நான் எழுத வந்தது இந்த விதியைப் பற்றி அல்ல. அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு வருடமாக நம் சங்கம் சனிக்கிழமை காலைகளில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கு வகுப்பு நடத்துவது பலருக்குத் தெரியும். பின்னம், தசமம், மைனஸ், அடைப்புக்குறி, சாதாரணச் சமன்பாடு என்று எம்-ஒன் பாடத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரங்கள். போன பொதுக்குழுவில் ஒரு மூத்த அண்ணன் எழுந்து, பின்னம் கூட்டத் தெரியாதவர்கள் இன்ஜினியரிங் படிக்க ஏன் வர வேண்டும், நாமெல்லாம் யார் உதவியும் இல்லாமல் தானாகப் படித்துத் தேறவில்லையா என்று கேட்டார். நிறைய பேர் தலையாட்டினார்கள். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், நான் தானாகத் தேறியவன் இல்லை. எம்-ஒன்னில் இரண்டு தடவை அரியர் வைத்தவன். மூன்றாவது தடவை தேறியதற்குக் காரணம், என் அறைக்கு எதிர் அறையில் இருந்த ஒரு சீனியர். மெஸ் மூடிய பிறகு அந்த பெஞ்சிலேயே உட்காரவைத்து, ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து எனக்கு ஆரம்பித்தார். சிரிக்காமல் ஆரம்பித்தார், அதுதான் முக்கியம்.

சரி, டி மார்கனுக்கு வருவோம்.

அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது நம்ம மதுரையில், 1806 ஜூன் 27. அப்பா ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தை பிறந்த பதின்மூன்றாம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்றால் அது எப்படிப்பட்ட காலம் என்று புரியும். பிறந்த கொஞ்ச நாளிலேயே நோய் வந்து வலது கண் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குப் போனவர் திரும்ப இந்தப் பக்கம் வரவே இல்லை. ஆனாலும் மதுரை என்ற புண்ணிய ஊரில் பிறந்ததில் அவருக்குக் கடைசிவரை ஒரு பெருமை இருந்ததாக அவர் மனைவி எழுதிவைத்திருக்கிறார்.

அவருக்குப் பத்து வயசாகும்போது, 1816-இல், இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியிலேயே கப்பலில் அப்பா இறந்துபோனார். பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிப் படிப்பு. ஒற்றைக் கண் பையனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? பார்வையில்லாத பக்கமாகப் பூனைமாதிரி வந்து, கன்னத்துக்குப் பக்கத்தில் பேனாக்கத்தியைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவானாம் ஒருத்தன். திரும்பினால் கத்தி குத்தும். ஒருநாள் அவனைப் பிடித்து நன்றாகப் போட்டு அடித்ததோடு அந்தத் தொல்லை நின்றது.

கணக்கில் அவர் பிறவி மேதை என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. யூக்ளிட் புத்தகத்தில் இருந்த ஒரு படத்தை ஸ்கேலும் காம்பஸும் வைத்து அழகாக வரைந்துகொண்டிருந்தாராம். படம் வரைவதுதான் ஜியோமெட்ரி என்று நினைப்பு. குடும்ப நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று விசாரித்து, பக்கத்தில் உட்கார்ந்து நிரூபணம் என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார். அன்றைக்குத் திறந்தது கதவு. அதற்குப் பிறகு பையன் சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது பெஞ்சுப் பலகையில் ஷூ பக்கிளின் முனையால் குத்திக் குத்தி யூக்ளிட் தேற்றங்களையும் சமன்பாடுகளையும் பதித்துவைக்கும் அளவுக்குப் போய்விட்டான். (நம் லைப்ரரி மேஜைகளில் பதிந்திருப்பவை வேறு விஷயங்கள்!)

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் அம்மாவின் தாத்தா ஜேம்ஸ் டாட்ஸன் என்பவர் மடக்கை அட்டவணைகள் போட்ட கணித ஆசிரியர், ராயல் சொசைட்டி உறுப்பினர். சின்ன வயதில் அகஸ்டஸ் இவர் யார் என்று அத்தை ஒருவரிடம் கேட்டபோது, குடும்பத்து அசிங்கத்தை வெளியே பேசக்கூடாது என்கிற மாதிரி பேச்சை மூடிவிட்டார்களாம். கணக்கு வாத்தியார் ஒருவர் பரம்பரையில் இருந்தது அவ்வளவு கௌரவக் குறைச்சல்!

1823-இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தபோது வயது பதினாறு. அங்கே கணிதப் பரீட்சையில் முதல் வகுப்பில் வருகிறவர்களுக்கு ராங்லர் என்று பெயர். இவர் 1827-இல் நான்காவது ராங்லர். முதலாவதாக வந்திருக்க வேண்டியவர் என்பார்கள். பரீட்சைக்கு எது வரும் என்று பார்த்துப் படிக்காமல் கண்டதையும் படித்ததால் நாலாவது இடம். பிற்காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் பழக்கத்தை அவர் அடியோடு வெறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே மேற்கொண்டு எம்.ஏ. பட்டமோ பெல்லோ பதவியோ வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மனசாட்சிக்கு ஒப்பவில்லை என்று போட மறுத்துவிட்டார். கேம்பிரிட்ஜ் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. லண்டனுக்கு வந்து சட்டம் படிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் லண்டனில் மதச் சோதனை எதுவும் வைக்காத ஒரு புதிய கல்லூரி தொடங்கினார்கள். லண்டன் யூனிவர்சிட்டி என்று அன்றைக்குப் பெயர், பிறகு அது யூனிவர்சிட்டி காலேஜ் ஆயிற்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் யாருக்குக் கதவடைத்தனவோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வரக்கூடிய இடம். 1828-இல் அதன் முதல் கணிதப் பேராசிரியராக டி மார்கனைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கொண்டு நின்ற வயது.

வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயசுப் பையன்கள். பள்ளிக்கூடங்களில் அன்றைக்கு எண்கணிதம் என்றால் விதிகளை ஒப்பிப்பது. பின்னத்தை வகுக்க வேண்டுமா, தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு. ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்கக்கூடாது. கேட்டாலும் சொல்ல ஆள் கிடையாது. (கேட்ட மாதிரி இருக்கிறதா?) இந்தக் குறை பையன்களின் மூளையில் இல்லை, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் இருக்கிறது என்று டி மார்கன் ஆரம்பத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டார். 1830-இல் எண்கணிதத்துக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினார். உயர் கணிதம் கற்பிக்க வந்த பேராசிரியர் கூட்டல் கழித்தலுக்குப் புத்தகம் எழுதுகிறார் என்றால் அதில் உள்ள தைரியத்தை யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருடம், 1831-இல் வந்ததுதான் என் கைக்குக் கிடைத்த புத்தகம். கணிதம் படிப்பதில் வரும் சிரமங்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம். பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம் என்று லண்டனில் ஒன்று இருந்தது. தொழிலாளிகளும் கடைப்பையன்களும் வாங்கும் விலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போடுவார்கள். அந்த வரிசையில் வெளிவந்தது. ஆசிரியர் இல்லாமல் தனியாக உட்கார்ந்து படிக்கிறவனை மனசில் வைத்து எழுதியது. எண்களை எழுதும் முறையில் தொடங்கி, பின்னம், தசமம், அல்ஜீப்ரா குறியீடு, மைனஸ் அடையாளம் என்று, ஒரு மாணவன் எங்கெங்கே தடுக்கி விழுவானோ அங்கெல்லாம் நின்று நின்று போகிறார்.

மைனஸைப் பற்றி அவர் சொல்லும் ஒரு கணக்கை மட்டும் இங்கே தருகிறேன். அப்பாவுக்கு 56 வயது, மகனுக்கு 29. இன்னும் எத்தனை வருடத்தில் அப்பா வயது மகன் வயதைப்போல இரண்டு மடங்காகும்? சமன்பாடு போட்டால் விடை −2 என்று வரும். சாதாரணமாக மாணவன் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுவான், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று. டி மார்கன் சொல்வது வேறு. கணக்கில் தப்பில்லை, கேள்வியின் திசைதான் தப்பு. எதிர்காலத்தில் தேடினோம், அது கடந்த காலத்தில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு 54, மகனுக்கு 27. மைனஸ் என்பது கேள்வியைத் திருப்பிக் கேள் என்று விடை நமக்குச் சொல்லும் சேதி. இதை நான் சனிக்கிழமை வகுப்பில் போர்டில் போட்டபோது பின் வரிசையில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் மைனஸோடு பழகியும் அது என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லவில்லையாம்.

மைனஸ் புரியாதவன் மக்கு என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. டி மார்கன் 1837-இல் சோபியா பிரெண்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் வில்லியம் பிரெண்ட் சாதாரண ஆள் இல்லை, 1780-இல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது ராங்லர். மாப்பிள்ளையைவிட இரண்டு ராங்க் மேலே! அவர் மைனஸ் எண்கள் என்று எதுவுமே கிடையாது, ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக எது இருக்க முடியும் என்று வாதாடி, அவை இல்லாமலேயே ஓர் அல்ஜீப்ரா புத்தகமும் எழுதியவர். இப்படி ஒரு மாமனாரோடு பேசிப் பழகிய மனிதருக்கு, மைனஸில் தடுமாறும் பதினாறு வயசுப் பையன்மேல் எப்படிக் கோபம் வரும்? இது என் ஊகம்தான். ஆனால் சாத்தியமான ஊகம்.

நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 1831-இலேயே அவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். சக பேராசிரியர் ஒருவரைச் சரியான காரணம் காட்டாமல் நிர்வாகம் நீக்கியது. அவர் இருக்கும் துறை இவருடையது கூட இல்லை, உடற்கூறு இயல். காரணமில்லாமல் தூக்கி எறியக்கூடிய ஆசிரியரை மாணவன் எப்படி மதிப்பான் என்பது டி மார்கன் வாதம். ஐந்து வருடம் தனி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் எழுதியும் காலம் தள்ளினார். 1836-இல் அவருக்குப் பதிலாக வந்தவர் கடலில் மூழ்கி இறந்துபோனார். வருட நடுவில் மாணவர்கள் வாத்தியார் இல்லாமல் நிற்கிறார்களே என்று தற்காலிகமாக வந்து வகுப்பெடுத்தவர், பிறகு அங்கேயே முப்பது வருடம் இருந்துவிட்டார்.

இந்த முப்பது வருடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அவருடைய மாணவர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியது. டி மார்கன் ஒவ்வொரு லெக்சரின் முடிவிலும் சில கணக்குகள் கொடுப்பார். மாணவர்கள் போட்டுக்கொண்டு வந்து தர வேண்டும். அடுத்த லெக்சருக்கு முன்னால் அத்தனையும் திருத்தித் திரும்பக் கிடைத்துவிடும். திருத்துவதில் மூன்று விதம் வைத்திருந்தார். கணக்கு சரியாக இருந்தால் ஒரு டிக். கை தவறிய பிழை, அதாவது ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்குப் பதில் ஐம்பத்துநாலு போட்ட மாதிரி இருந்தால், அதை அடித்து அவரே சரியானதை எழுதிவிடுவார். அதற்குமேல் பேச்சு கிடையாது. ஆனால் அடிப்படையே புரியாமல் செய்த பிழையாக இருந்தால் அவர் திருத்த மாட்டார். என்னிடம் வந்து காட்டு என்ற பொருளில் இரண்டே இரண்டு சொல் தாளில் எழுதி அனுப்புவார். அந்தப் பையன் லெக்சர் முடிந்ததும் மேடைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் கலைந்துபோன பிறகு அவனோடு தனியாக அந்த இடத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்து, எங்கே சிக்கல் என்று கண்டுபிடித்து அவிழ்ப்பார். வகுப்பில் பல சமயம் நூறு பேருக்கு மேல்! முப்பது வருடம்! ஒற்றைக் கண்!

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் உண்மை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனிக்கிழமை வகுப்பின் முதல் வருடத்தில் நான் திருத்திய விதம் எப்படித் தெரியுமா? சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய பெருக்கல் குறி. எல்லாப் பிழைக்கும் ஒரே குறி. கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க். அதையும் சத்தமாகப் படித்துக் கொடுத்தேன். ஒரு பையன், கிராமத்திலிருந்து வந்தவன், பத்துக்கு ஒன்று வாங்கினான். வேடிக்கையாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒன்றும் எப்படித் தப்பித்தவறிச் சரியாயிற்று என்று கேட்டுவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

அந்தத் தாள் திருப்பிக் கொடுக்கப்படாமல் என் பையிலேயே தங்கிவிட்டது. டி மார்கனைப் படித்த பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒன்பது தப்பில் ஆறு வெறும் கைதவறுதல். மிச்சம் மூன்றும் ஒரே தப்பு. மைனஸுக்குப் பின்னால் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் முதல் உறுப்புக்கு மட்டும் அடையாளத்தை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டிருக்கிறான். அதாவது அந்தப் பையனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. ஒரு கால்மணி நேர வேலை. நான் ஒன்பது பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

டி மார்கனின் மாணவர்கள் எல்லோரும் லண்டன் கல்லூரிப் பையன்கள் மட்டும் அல்ல. 1840, 41-இல் அவர் கடிதம் மூலம் ஓர் அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். மூன்று குழந்தைகளுக்குத் தாய், பிரபு வீட்டு மருமகள், கவிஞர் பைரனின் மகள் அடா லவ்லேஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு அறிமுகம் தேவையில்லை. பாபேஜின் இயந்திரத்துக்கு 1843-இல் அவர் எழுதிய குறிப்புகளைக் கொண்டாடுகிறோம். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் கால்குலஸ் படித்துக்கொண்டே, ஒரு சமன்பாட்டில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எப்படி இட்டுப் பார்ப்பது என்பது போன்ற இடங்களில் முட்டி மோதியிருக்கிறார் என்பது அந்தக் கடிதங்களில் தெரிகிறது. மேலே உயரம், கீழே அஸ்திவாரத்தில் ஓட்டை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி! டி மார்கன் ஒவ்வொரு கடிதத்துக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். அதே சமயம் ஒன்றை மறைக்கக்கூடாது. 1844-இல் அடாவின் தாயாருக்கு எழுதியபோது, மகளின் திறமையை மெச்சிவிட்டு, இவ்வளவு கணிதத்தைப் பெண்ணின் உடம்பு தாங்குமா என்று கவலையும் பட்டிருக்கிறார். பெரிய மனிதர்களும் தங்கள் காலத்துக்குள்ளே வாழ்பவர்கள்தான். இத்தனைக்கும் 1849-இல் லண்டனில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி திறந்தபோது முதல் வருடம் போய்ப் பாடம் எடுத்தவரும் இவரே.

1849 என்றதும் ஞாபகம் வருகிறது. தன் வயதைப் பற்றி அவர் ஒரு விடுகதை போடுவார். ஒரு வருடத்தில் என் வயதை அதே எண்ணால் பெருக்கினால் அந்த வருடமே வரும் என்று. 43-ஐ 43-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

நம்ம ஊர்த் தொடர்பு இன்னொன்றும் உண்டு, ஆனால் மதுரை அல்ல, டில்லி. டில்லி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த ராம்சந்திரா என்பவர், பெரும மதிப்பு, சிறும மதிப்புக் கணக்குகளைக் கால்குலஸ் இல்லாமல் வெறும் அல்ஜீப்ராவால் போடும் முறையைப் பற்றி 1850-இல் கல்கத்தாவில் ஒரு புத்தகம் அச்சிட்டார். இங்கே இருந்த விமர்சகர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். ஒரு பிரதி லண்டனில் டி மார்கன் கைக்குப் போனது. கால்குலஸ் இருக்கும்போது இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இந்திய மாணவனுக்கு அல்ஜீப்ரா பரம்பரைச் சொத்து, அவனுக்கு எது கைவருமோ அதிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை என்று நினைத்தார். கம்பெனி இயக்குநர்களோடு பேசி 1859-இல் லண்டனில் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்து, நீண்ட முன்னுரையும் எழுதினார்.

மற்ற சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நம் சிலபஸில் இருக்கும் தர்க்க விதிகள் 1847-இல் எழுதிய நூலைச் சேர்ந்த காலத்தவை. ஜார்ஜ் பூலின் முதல் தர்க்க நூலும் அதே வருடம். கணிதத் தொகுத்தறிதல் என்று இன்று நாம் சொல்லும் முறைக்குப் பெயர் நிலைத்தது ஒரு கலைக்களஞ்சியத்தில் அவர் எழுதிய கட்டுரையால். பென்னி சைக்ளோபீடியா என்ற அந்த மலிவு விலைக் களஞ்சியத்துக்கு அவர் எழுதிய கட்டுரைகள் எழுநூறுக்கும் மேல். 1865-இல் தொடங்கிய லண்டன் கணிதச் சங்கத்துக்கு முதல் தலைவர். ராயல் சொசைட்டியில் உறுப்பினராகச் சேர அவர் விரும்பவே இல்லை. எடின்பரோ கொடுக்க வந்த கௌரவ டாக்டர் பட்டத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். வாழ்நாளில் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லையாம். இது மட்டும் பின்பற்றத் தக்கதல்ல!

1866-இல் இரண்டாவது ராஜினாமா. தத்துவப் பேராசிரியர் பதவிக்குத் தகுதியான ஒருவரை, அவர் சார்ந்திருந்த மதப் பிரிவின் காரணமாகக் கல்லூரி ஒதுக்கியது. மதம் பார்க்காத கல்லூரி என்பதற்காகவே முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த மனிதருக்கு அது தாங்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பழைய மாணவர்கள் சேர்ந்து, அவர் உருவத்தைக் கல்லூரியில் வைக்க வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். நம்மைப்போல ஒரு சங்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தான் வேலை பார்த்த கல்லூரி இப்போது இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். அடுத்த வருடம் மகன் ஜார்ஜ் இறந்தார், கணிதச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் அவர். 1870-இல் ஒரு மகளும் போய்விட்டாள். அதற்குமேல் அவர் தேறவில்லை. 1871 மார்ச் 18 அன்று காலமானார். அவர் சேர்த்துவைத்திருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கணிதப் புத்தகங்கள் இப்போதும் லண்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் பழைய எண்கணிதப் பாடப்புத்தகங்களே ஏராளம். பள்ளிப் பிள்ளைகள் கிழித்துப் போட்ட வகைப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

பொதுக்குழுவில் கேள்வி கேட்ட அண்ணனுக்கு நான் சொல்ல நினைத்து விட்டுப்போனது இதுதான். பின்னம் தெரியாத பிள்ளைகள் 1828-இலும் கல்லூரிக்கு வந்தார்கள். அவர்களை உள்ளே விட்டது யார் என்று அந்தக் கணக்கு வாத்தியார் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார்.

இந்த வருடம் நாங்களும் அப்படித்தான் திருத்துகிறோம். டிக், அல்லது பென்சிலால் சின்னத் திருத்தம், அல்லது வந்து பார் என்று ஒரு வரி. மார்க் கிடையாது. வேலை மூன்று மடங்கு ஆகிவிட்டது, பொய் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேர்தான் இருக்கிறோம், அதில் ஒருவருக்கு ஷிப்ட் டியூட்டி. வகுப்பு முடிந்து தாளோடு வந்து நிற்கும் வரிசை மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் போகிறது. காலையில் சார் என்று கூப்பிட்ட பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கும்போது அண்ணா என்கிறார்கள். எல்லோரும் தேறிவிடவில்லை. சிலர் இன்னமும் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் ஆண்டு. கேன்டீனில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். இந்த மலர் அவன் கைக்கும் வரும் என்பதால் எழுதுகிறேன். தம்பி, உன் தாள் என்னிடம்தான் இருக்கிறது, பெருக்கல் குறிகளை அழித்துவிட்டேன், அடைப்புக்குறிக் கணக்கு மூன்றும் பாக்கி.

மற்ற நண்பர்களுக்கு: வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மெக்கானிக்கல் பிளாக் மாடியில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வர முடிந்தாலும் போதும். மலர் வெளியீட்டு அன்று நான் சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறுகிற கோஷ்டியில் இருப்பேன், அங்கேயே பெயர் கொடுக்கலாம்.